கல்யாணச் சமையல்காரரும் அமினோ பொடி டப்பாவும்: காரைக்குடியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 54 வயது ஆண், காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கல்யாணச் சமையல் அவர் தொழில். முகூர்த்த மாதங்களில் தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஆட்களோடு சுற்றுவார். சென்னை, கோவை வரைக்கும் போவதுண்டு. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய், நான்கு வருடமாக இரத்த அழுத்தம். மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரண்டு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. ஒரு வேளை சாப்பிடுகிறார். எடை 82 கிலோ, உயரம் 165 செ.மீ. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"பதினோரு மணிக்கு மேல அடுப்படியில நிக்க முடியல டாக்டர். கண்ணு இருட்டிட்டு வருது, வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது." இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நடக்கும் நேரத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். உடனிருந்த பையன் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது சர்க்கரை 58. பால்பணியாரத்தின் பாலையே இரண்டு கரண்டி குடிக்க வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார்.

சர்க்கரை தாழ்ந்தது புரிகிறது. ஆனால் அது மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. படுக்க வைத்துப் பார்த்தால் இரத்த அழுத்தம் 124/78. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 102/66. அதுவும் தலைசுற்றலுக்குப் போதும். நாக்கு வறண்டிருந்தது. இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.7 சதவீதம், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 1.5, பொட்டாசியம் 5.6. ஆறு மாதம் முன்பு இவை 7.9, 1.1, 4.6 என்று இருந்தன. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் முன்பே சற்று அதிகம், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 85 மி.கி. கிரியேட்டினினை வைத்துச் சிறுநீரக வடிகட்டும் திறனைக் கணக்கிட்டால் 80-லிருந்து 55-க்கு வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் இது பெரிய சரிவு. பொட்டாசியத்தைக் கையோடு மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஊசி குத்தும்போது செல்கள் உடைந்து பொய்யாக ஏறுவதும் உண்டு. இரண்டாவது முறையும் 5.5. இசிஜியில் மாற்றம் இல்லை.

டப்பா வெளியே வந்தது

வேறு என்ன மாத்திரை, மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் "ஒண்ணும் இல்லை" என்பார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த மனைவி, "மாப்பிள்ளை சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்த பவுடரைக் குடிக்கிறாகல்ல, அதைச் சொல்லுங்க" என்றார். அப்புறம் மெதுவாக இன்னொன்றும் வெளியே வந்தது: முழங்கால் வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை, வேலை உள்ள நாட்களில் காலையும் இரவும்.

மறுநாள் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். இந்த ஒரு காரியத்தை எல்லா மருத்துவர்களும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். "புரோட்டீன் பவுடர்" என்று நோயாளி சொல்வது பாலிலிருந்து எடுத்த வே புரதமாகவும் இருக்கலாம், முற்றிலும் வேறாகவும் இருக்கலாம். இது வேறுதான். ஒரு கரண்டிக்கு லியூசின் 3 கிராம், ஐசோலியூசின் 1.5, வேலின் 1.5, ஆர்ஜினைன் 2.5, கிரியேட்டின் 3, டாரின் 1 கிராம். போதாததற்கு வியர்வையில் போகும் உப்புக்கு ஈடாக 250 மி.கி. பொட்டாசியம். உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கான கலவை. "சர்க்கரை இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மாப்பிள்ளையின் கண்ணில் பட்டது அதுதான். எடை குறையும், தசை கரையாது, சர்க்கரை ஏறாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். மாமனார் மேல் உள்ள அக்கறையில்தான். மாப்பிள்ளை கையால் கொடுத்ததை வேண்டாம் என்று எந்த மாமனார் சொல்வார்?

இவர் ஒரு நாளைக்கு மூன்று கரண்டி போட்டார். முதல் கரண்டி விடியற்காலையில், இட்லிக்குப் பதிலாக. நான் முக்கியமாகக் கவனித்தது இதைத்தான். கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும். சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். மாவுச்சத்தே இல்லாத பொடியைக் குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, கோட்டை அடுப்பின் அனலில் ஐந்து மணி நேரம் நின்றால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? போதாததற்கு லியூசினும் ஆர்ஜினைனும் தாங்களே இன்சுலின் சுரப்பைத் தூண்டுபவை. எவ்வளவு கூட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலை உணவு போனதுதான் பெரிய காரணம்.

கிரியேட்டினின் ஏன் ஏறியது

கிரியேட்டின் நம் தசையில் இருக்கும் பொருள். அது சிதைந்து வருவதே கிரியேட்டினின். ஒருவர் நாளுக்கு 9 கிராம் கிரியேட்டினை வெளியிலிருந்து போட்டுக்கொண்டால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டதுபோல் தெரியும். பயந்துபோய் டயாலிசிஸ் வரை யோசிக்கும் குடும்பங்கள் உண்டு. மறுபக்கம், "அது பொடியால் வந்தது, ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. இவர் வலி மாத்திரையும் போடுகிறார், உடலில் நீரும் குறைந்திருக்கிறது, டெல்மிசார்டனும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் உள் அழுத்தம் நிஜமாகவே விழும்.

அதனால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினோம். தசையையும் கிரியேட்டினையும் பொறுத்து இது மாறாது. 1.12 வந்தது, அதன்படி வடிகட்டும் திறன் சுமார் 68. கிரியேட்டினின் கணக்கு 55 என்கிறது, பழைய அளவு 80. சிஸ்டாட்டின் கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சரிவில் ஒரு பகுதி கிரியேட்டின் காட்டிய போலித் தோற்றம், இன்னொரு பகுதி உண்மையான பாதிப்பு என்றே இதைப் படிக்கிறேன். கிரியேட்டின் ஆரோக்கியமானவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. உண்மையான பகுதிக்கு டைக்ளோஃபெனாக்கையும் நீர் வற்றியதையுமே முதலில் சொல்வேன்.

பொட்டாசியத்துக்கும் பல கை சேர்ந்திருக்கிறது. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடலிலேயே தங்கவைக்கும். வலி மாத்திரையும் அப்படியே. அந்த நிலையில் டப்பாவிலிருந்து தினம் 750 மி.கி. கூடுதலாக உள்ளே போகிறது. ஆர்ஜினைன் ஹைட்ரோகுளோரைடை நரம்பு வழியாக ஏற்றும்போது பொட்டாசியம் செல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து இரத்தத்தில் ஏறும் என்பது பழைய செய்தி. வாயால் குடிக்கும் இந்த அளவில் அது பெரிதாக நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நின்றால் அழுத்தம் விழுந்ததில் ஆர்ஜினைனுக்குப் பங்கு இருக்கலாம். உடலில் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக்குழாயைத் தளர்த்தும். அழுத்த மாத்திரையும் வியர்வையும் உள்ளவருக்கு அது கூடுதல் சுமை.

இந்தப் பொடியால் பலன்தான் உண்டா?

இந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை, மாப்பிள்ளை கேட்டார். வீடியோ காலில் பேசினோம். "இங்க ஜிம்முக்கு வர்ற எல்லாரும் குடிக்கிறாங்களே டாக்டர், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொன்னேன்.

லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒரு வகை. உடலால் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களில் சேர்ந்தவை. லியூசின் தசை கட்டும் வேலைக்கு விசில் அடித்துத் தொடங்கிவைக்கும் என்பது உண்மை. ஆனால் மற்ற ஆறும் இல்லாமல் விசில் மட்டும் அடித்தால் கட்டுவதற்குச் செங்கல் எங்கிருந்து வரும்? அந்த ஆறையும் உடல் தன் சொந்தத் தசையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இது பாதுகாப்பைவிட முதலில் பலனைப் பற்றிய சிக்கல்.

வளர்சிதை மாற்றத்துக்கு வந்தால் கதை இன்னும் இடக்காக இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, உடல் பருமன் உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த மூன்றும் அவற்றின் சிதைவுப் பொருட்களும் கூடியிருப்பதையும், அது இன்சுலின் எதிர்ப்போடு (இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலை) சேர்ந்து போவதையும் காட்டியது. கொழுப்பு மிகுந்த உணவோடு இவற்றைக் கொடுத்த எலிகள் குறைவாகச் சாப்பிட்டும் இன்சுலின் எதிர்ப்புக்கு ஆளாயின. 2011-இல் வந்த, அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஊர்மக்களை வைத்து நடந்த ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத 2,422 பேரை 12 வருடம் தொடர்ந்தார்கள். ஐந்து அமினோ அமிலங்கள் இரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்த ஐந்தில் மூன்று இந்த மூன்றேதான். மற்றவை டைரோசின், ஃபினைல்அலனைன்.

இதை வைத்து "பொடி குடித்தால் சர்க்கரை நோய் வரும்" என்று நான் சொல்லவில்லை. இரத்தத்தில் கூடியிருப்பது சாப்பிட்டதால் மட்டும் அல்ல. உடல் அவற்றை எரிக்கும் திறன் குறைந்ததும் காரணம். ஆனால் அவற்றை எரிக்க ஏற்கனவே திணறும் உடம்பில் தினம் 18 கிராம் மேலும் கொட்டுவதற்கு என்ன நியாயம் என்பதுதான் என் கேள்வி. ஒரு முட்டையில் இந்த மூன்றும் சேர்ந்தால் ஒன்றேகால் கிராம் போல இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் மனதில் இருந்த எண்ணத்துக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 2016-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், மாதவிடாய் நின்ற, உடல் பருமன் உள்ள 34 பெண்களை வைத்து நடந்தது. எடையைப் பத்து சதவீதம் குறைத்தவர்களில், கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் எடுத்தவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் விதம் நன்கு மேம்பட்டது. வே புரதம் சேர்த்து 1.2 கிராம் எடுத்தவர்களும் அதே அளவு எடை குறைத்தார்கள், ஆனால் அந்த மேம்பாடு அவர்களிடம் இல்லை. சிறிய ஆய்வு, பெண்கள் மட்டும். என்றாலும், எடை குறைக்கும்போது புரதம் கூடக் கூட நல்லது என்ற நம்பிக்கையை நான் அதற்குப் பிறகு அப்படியே ஏற்பதில்லை.

ஆர்ஜினைனுக்குக் கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. இரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைக்கும். இத்தாலியில் சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களுக்கு தினம் 6.4 கிராம் வீதம் 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வருவதை அது குறைக்கவில்லை, ஆனால் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பியவர்கள் கூடினார்கள். கெட்ட செய்தி 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. மாரடைப்பு வந்த 153 பேரில் பாதிப் பேருக்கு தினம் 9 கிராம் ஆர்ஜினைன் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ஆறு பேர் இறந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த பக்கம் ஒருவரும் இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் நோயாளி எடுத்தது 7.5 கிராம். அவருக்கு மாரடைப்பு வந்ததில்லை. ஆனால் சர்க்கரை, அழுத்தம், சிறுநீரில் அல்புமின் மூன்றும் உள்ள 54 வயதுக்காரரின் இதயக் குழாய்களைச் சுத்தம் என்று வைத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

டாரினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: வயதாக ஆக அது குறைகிறது, கொடுத்தால் விலங்குகள் ஆரோக்கியமாக நெடுநாள் வாழ்கின்றன என்று 2023-இல் பரபரப்பாக வந்தது, மனிதர்களில் அப்படி ஒரே சீராகக் குறையவில்லை என்று 2025-இல் இன்னொரு குழு காட்டியது.

அமினோ அமிலப் பொடி எங்கேயும் உதவாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லீரல் சுருங்கி மூளை குழம்பும் நோயாளிகளுக்குக் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் உதவுகின்றன. பிறவி வளர்சிதை நோய் உள்ள சில குழந்தைகள் பிரத்யேக அமினோ கலவையால்தான் நல்லபடி வளர்கிறார்கள். அங்கெல்லாம் இன்ன நோய்க்கு இன்ன அளவு என்று ஒருவர் பொறுப்பேற்றுக் கொடுக்கிறார்.

டப்பாவில் எழுதியிருப்பதே உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கவலை. நம் நாட்டில் இவை உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண் இருந்தால் உரிமம் இருக்கிறது என்று பொருள், நோய்க்குப் பலன் தரும் என்று யாரும் சோதித்ததாகப் பொருள் இல்லை. 2024-இல் கேரள மருத்துவர்கள் முன்னின்று இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்ததில் பெரும்பான்மையானவற்றில் புரத அளவு லேபிளோடு பொருந்தவில்லை; சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. புரதத்தை நைட்ரஜனை வைத்து அளப்பதால், விலை குறைந்த கிளைசினையும் டாரினையும் கலந்து கணக்கை ஏற்றிக் காட்டும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. விமானத்தில் பெட்டிக்குள் வரும் டப்பாவை இங்கே யாரும் பார்ப்பதே இல்லை.

என்ன செய்தோம்

பொடியையும் டைக்ளோஃபெனாக்கையும் அன்றே நிறுத்தினோம். கிளிமிபிரைடையும் நிறுத்தினோம்; விடிய விடிய அடுப்படியில் நிற்கும், சாப்பாட்டு நேரம் தன் கையில் இல்லாத ஒருவருக்கு அது பொருந்தாத மாத்திரை. டெல்மிசார்டனை ஒரு வாரம் நிறுத்தி, பொட்டாசியம் இறங்கியதும் மறுபடி தொடங்கினோம். அல்புமின் போகும் சிறுநீரகத்துக்கு அது தேவை. முழங்காலுக்குப் பாரசிட்டமாலும், தொடைத் தசைக்குப் பயிற்சியும், உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒரு முக்காலியும்.

இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் 4.7. நின்று பார்த்தாலும் அழுத்தம் விழவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியதால், எது எவ்வளவு செய்தது என்று இந்த நிகழ்வை வைத்துத் துல்லியமாகப் பங்கு பிரிக்க முடியாது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்திருந்தால் ஆராய்ச்சிக்கு நன்றாக இருந்திருக்கும், 5.6 பொட்டாசியத்தோடு அப்படிச் செய்வது நோயாளிக்கு நியாயமில்லை.

சாப்பாட்டைக் கணக்குப் பார்த்தபோதுதான் மாப்பிள்ளையின் கவலை அடியோடு தவறில்லை என்று தெரிந்தது. நாள் முழுக்க ஊருக்கே சமைக்கும் மனிதருக்குக் கிடைத்த புரதம் 45 கிராம் அளவுதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு கிலோவுக்கு 0.83 கிராம், இவர் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துப் பார்த்தால் 55 கிராம் வேண்டும். வேலை நாட்களில் அவர் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவதே இல்லை. ருசி பார்க்கிறேன் என்று கந்தரப்பத்தில் ஒரு விள்ளல், பணியாரம் ஒன்று, பாயசம் ஒரு கரண்டி என்றே பகல் ஓடிவிடுகிறது. சர்க்கரை ஏற்கனவே உள்ளே போகிறது, புரதம் போகவில்லை.

அவருக்கு உணவுப் பாடம் எடுக்க நான் யார்? அவரிடமே கேட்டேன், அவரே சொன்னார். காலை நான்கு மணிக்கு மூன்று இட்லி, கெட்டிப் பருப்புச் சாம்பார், இரண்டு அவித்த முட்டை. இட்லியில் அரிசிக்குக் குறைவான லைசினை உளுந்து கொடுத்துவிடுகிறது. ஒன்பது அமினோ அமிலங்களும் முறையாக வந்து சேரும். பத்து மணிக்கு ஒரு டம்ளர் மோரும் ஒரு கைப்பிடி அவித்த கொண்டைக்கடலையும். மதியம் முதலில் கூட்டு, பருப்பு, மீனோ கோழியோ. சோறு கடைசியில், பாதி அளவு. புரதத்தையும் காய்கறியையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் வைத்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாகவே ஏறும் என்பதைச் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இனிப்பு ருசி பார்க்கும் பொறுப்பு பெரிய உதவியாளுக்குப் போனது. "உப்பும் காரமும் நான் பாக்குறேன், பாகு பதத்தைக் கையால பாத்தே சொல்லிருவேன் டாக்டர், வாயில போடணும்னு இல்ல" என்றார்.

சிறுநீரகம் நிலைப்பட்ட பிறகு டபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்த்தோம். சர்க்கரைக்கும் அல்புமினுக்கும் சேர்த்து உதவும். சாப்பிடாமல் இருக்க நேரும் நாளிலும், வாந்தி பேதி வந்தாலும் அதைப் போடக் கூடாது என்று மனைவியிடமும் சொல்லியிருக்கிறோம். அனலில் நிற்கும் தொழில் என்பதால் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்று மாதத்தில் எடை 78.5 கிலோ, எச்பிஏ1சி 7.1, கிரியேட்டினின் 1.1, பொட்டாசியம் 4.5. தாழ்சர்க்கரை ஒரு முறையும் வரவில்லை. சிறுநீர் அல்புமின் கிராமுக்கு 60. இன்னும் இறங்க வேண்டும்.

மாப்பிள்ளை மறுபடி அழைத்தார். தொடர்ந்து நாலு முகூர்த்தம் வரும் வாரங்களில் மாமாவால் ஒழுங்காகச் சாப்பிட முடியாதே, அப்போது என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். எதுவும் சேர்க்காத வே புரதம் ஒரு கரண்டி, 20 கிராமுக்கு மிகாமல், சாப்பாட்டோடு சேர்த்து, அந்த நாட்களில் மட்டும் என்று ஒப்புக்கொண்டேன். கிரியேட்டின், ஆர்ஜினைன், பொட்டாசியம் எதுவும் லேபிளில் இருக்கக் கூடாது. வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். தொடங்கிய நான்காவது வாரம் கிரியேட்டினினும் பொட்டாசியமும் எடுக்க வேண்டும். ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முன் முதல் படம் வந்தது. அதில் டாரின் கலந்திருந்ததால் வேறு பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.